பந்தியில் கடைசியாக எழுபவர்



அந்தியூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தாய் எழுதிய கடிதம் இந்த மாதம் என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டது. மகனுக்கு 24 வயது. திருப்பூரில் பின்னலாடை நிறுவனம் ஒன்றில் வேலை. சில வருடங்களாகவே சோறு நெஞ்சில் நிற்கிறது என்பானாம். கோவையில் எண்டோஸ்கோபி செய்து, சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்ததில் உணவுக்குழாயில் ஈஸ்னோபில் என்ற வெள்ளை அணுக்கள் நிறைய இருப்பதாக ரிப்போர்ட் வந்திருக்கிறது. ரத்தப் பரிசோதனையிலோ ஈஸ்னோபில் சரியான அளவில்தான். அவர் எழுதியதை அவர் அனுமதியோடு அப்படியே தருகிறேன்: "ரத்தத்துல இல்லாத ஈஸ்னோபீலியா நெஞ்சுக்குழாய்க்குள்ள எப்படிங்க வந்துச்சு? பாலை நிறுத்தச் சொல்றாங்க. எருமை கட்டியிருக்கற வீட்டுல பாலை எப்படிங்க நிறுத்தறது?"

இரண்டுமே நல்ல கேள்விகள். மருத்துவ உலகம் முப்பது ஆண்டுகளாக மல்லுக்கட்டிய கேள்வியைத்தான் அந்தத் தாய் முதல் வரியில் கேட்டிருக்கிறார். தனியாகப் பதில் எழுதுவதைவிட இந்தப் பக்கத்தில் எழுதினால், இதே சங்கடத்தோடு பேர் தெரியாமல் உட்கார்ந்திருக்கும் இன்னும் சிலருக்கும் போய்ச் சேரும் என்று தோன்றியது.

ஈஸ்னோபீலியா நம் வீடுகளில் புழங்கும் வார்த்தை. ராத்திரியில் இருமல் வந்தாலும், மூச்சு இழுத்தாலும், காலையில் எழுந்ததும் அடுக்கடுக்காகத் தும்மினாலும் "அவனுக்கு ஈஸ்னோபீலியாங்க" என்று சொல்லிவிடுவோம். அப்படிச் சொல்வதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. 1940ல் மதனப்பள்ளி காசநோய் மருத்துவமனையில் இருந்த ஃப்ரீமாட் மோலரும் பார்ட்டனும் காசநோய் போலவே தோன்றி, ஆனால் காசநோயாக இல்லாத நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அந்த நோயாளிகளின் ரத்தத்தில் ஈஸ்னோபில் மிக அதிகமாக இருந்தது. 1943ல் வைன்கார்ட்டன் என்ற மருத்துவர் இந்தியாவில் தான் பார்த்த நோயாளிகளை வைத்து அதற்கு வெப்பமண்டல ஈஸ்னோபீலியா என்று பெயர் வைத்தார். யானைக்கால் நோயைத் தரும் ஃபைலேரியா புழுக்களுக்கு எதிராக உடல் காட்டும் மிதமிஞ்சிய எதிர்ப்பே அது என்பது பிறகு தெளிவானது. அதற்குக் கொடுத்த பேனோசைடு மாத்திரையை நம் பெரியவர்களில் பலர் விழுங்கியிருப்பார்கள்.

சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தில் டாக்டர் வி.கே. விஜயன் அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து, அந்த நோயாளிகளின் நுரையீரலை உப்புநீரால் கழுவி, அந்த நீரில் என்னென்ன அணுக்கள் வருகின்றன என்று எண்ணிப் பார்த்தார். 1987ல் அது வெளியானது. வந்த அணுக்களில் ஏறக்குறைய பாதி ஈஸ்னோபில்கள். மருந்து கொடுத்த இரண்டு வாரத்துக்குள் அவை வெகுவாகச் சரிந்தன. நோய் எங்கே நடக்கிறதோ அங்கேயே போய்ப் பார்க்க வேண்டும் என்ற அந்த அணுகுமுறையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தியூர்த் தாயின் கேள்விக்கு அதுதான் வழி காட்டுகிறது. ரத்தத்தில் எடுக்கும் ஏ.இ.சி. என்ற ஈஸ்னோபில் கணக்கு என்பது, அந்த நேரத்தில் ரத்தக் குழாயில் போய்க்கொண்டிருக்கும் அணுக்களின் கணக்கு மட்டுமே. எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் ஈஸ்னோபில், ரத்தத்தில் தங்குவது சில மணி நேரம்தான். அதன் வாழ்க்கை பெரும்பாலும் திசுக்களுக்குள் கழிகிறது.

வயிற்றிலும் குடலிலும் ஈஸ்னோபில்கள் எல்லோருக்கும் உண்டு. அங்கே அவை குடியிருப்பவை, இருப்பதில் தவறில்லை. தொண்டைக்கும் இரைப்பைக்கும் நடுவே சுமார் 25 சென்டிமீட்டர் நீளமுள்ள உணவுக்குழாயில்தான் கதை வேறு. நலமாக உள்ள ஒருவரின் உணவுக்குழாய்ச் சுவரில் ஈஸ்னோபில் இருக்காது. எடுத்த துணுக்கைச் சாயம் தோய்த்து நுண்ணோக்கியில் வைத்து, மிகைப் பெருக்கத்தில் தெரியும் ஒரே வட்டத்துக்குள் 15 அல்லது அதற்கு மேல் இருந்தால், சந்தேகப்பட வேண்டும் என்பது உலகம் ஒப்புக்கொண்ட அளவு. திருப்பூரையும் ஈரோட்டையும் பார்த்து வளர்ந்த நமக்குச் சாயத்தின் அருமை தெரியும். ஈயோசின் என்ற சிவப்புச் சாயம் பட்டதும் இந்த அணுவுக்குள் இருக்கும் துகள்கள் பளிச்சென்று செங்கல் நிறத்தில் சிவக்கும். 1879ல் பால் எர்லிக் இந்த அணுவைத் தனியாகப் பிரித்துக் கண்டதும் சாயத்தை வைத்துத்தான். இன்றும் கோவையில் ஒரு நோயியல் மருத்துவர் கண்ணாடித் தகட்டைப் பார்த்து எண்ணுவது, நீலமும் இளஞ்சிவப்புமான பரப்பில் புள்ளி புள்ளியாகச் சிவந்து நிற்கும் அந்த அணுக்களைத்தான்.

இந்த நோய்க்கு ஈஸ்னோபிலிக் ஈசோபஜைட்டிஸ் என்று பெயர். மருத்துவர்கள் சுருக்கமாக இ.ஓ.இ. என்பார்கள். நீண்ட காலம் இது நெஞ்சு எரிச்சலின் ஒரு வகை என்றே நினைத்திருந்தார்கள். 1978ல் ஒற்றை நோயாளியைப் பற்றி ஒரு குறிப்பு வந்தது. 1993ல் அமெரிக்காவில் ஸ்டீபன் அட்வுட் குழுவினர், விழுங்கச் சிரமப்பட்ட 12 பேரைப் பற்றி எழுதினார்கள். அமிலம் மேலே வருவதற்கான சான்று அவர்களிடம் இல்லை. சுவர் முழுக்க ஈஸ்னோபில் இருந்தது. அடுத்த ஆண்டே சுவிட்சர்லாந்தில் அலெக்ஸ் ஸ்ட்ராவ்மன் இதையே தனியாகக் கண்டார். ஆக, இது தனி நோய் என்று தெரிந்து சுமார் முப்பது ஆண்டுகள்தான் ஆகின்றன. நம் ஊரில் பல குடும்பங்கள் இந்தப் பெயரையே கேள்விப்பட்டிருக்காததில் வியப்பில்லை.

உணவால்தான் வருகிறது என்பதைக் காட்டியது 1995ல் பால்டிமோரில் நடந்த ஒரு சின்ன ஆய்வு. நெஞ்சு எரிச்சல் மருந்துக்கு அடங்காத, சிலர் அறுவை சிகிச்சை செய்தும் தீராத 10 குழந்தைகள். அவர்களுக்கு வழக்கமான உணவில் பெரும்பகுதியை நிறுத்திவிட்டு, புரதத்தை முழுவதும் அமினோ அமிலங்களாக உடைத்த பானத்தைக் கொடுத்தார்கள். எட்டுக் குழந்தைகளுக்குத் தொல்லை முற்றிலும் நின்றது, மற்ற இருவருக்குக் குறைந்தது. உணவுக்குழாயில் இருந்த ஈஸ்னோபில்கள் வடிந்தன. பழைய உணவைத் திருப்பிக் கொடுத்ததும் தொல்லை திரும்பியது. பத்தே குழந்தைகள்தான். ஆனாலும் எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த ஆய்வு இது. அதுவரை அந்தப் பெற்றோர்கள் பட்ட பாட்டை நினைத்துப் பார்க்கிறேன்.

சரி, சுவருக்குள் என்ன நடக்கிறது?

உணவுக்குழாயின் உள்பரப்பு, நம் தோலைப் போலவே பல அடுக்குச் செல்களால் ஆனது. இந்தச் செல்களை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருக்கும் புரதங்கள் உண்டு. அதில் ஒன்று டெஸ்மோக்ளீன்-1. இந்த நோயில் அது குறைந்துபோகிறது. ஒரு கண்ணி விட்டுப்போன பனியன் துணி எப்படி இழுக்க இழுக்கப் பிரிந்துகொண்டே போகுமோ அப்படி அடுக்குகளுக்கு நடுவே இடைவெளி விழுகிறது. மெல்லிய அந்த இடைவெளி வழியாகப் பாலின் புரதமோ கோதுமையின் புரதமோ உள்ளே நுழைகிறது. நொந்துபோன மேற்பரப்புச் செல்கள் டி.எஸ்.எல்.பி. என்ற வேதிச் செய்தியை வெளியிடுகின்றன. இந்தப் பொருளுக்கான மரபணுவில் உள்ள சில மாறுபாடுகளும், உணவுக்குழாயில் மட்டும் அதிகமாக வேலை செய்யும் கால்பெயின்-14 என்ற மரபணுவின் மாறுபாடுகளும் நோய்க்கு இடம் கொடுக்கின்றன என்று தெரிந்திருக்கிறது. ஒரே வீட்டில் அண்ணன் தம்பி இருவருக்கும் வருவதன் ஒரு காரணம் அது.

அந்தச் செய்தி கிடைத்ததும் டென்ட்ரைட்டிக் செல்கள் என்ற காவல் செல்கள் உள்ளே வந்த புரதத்தை எடுத்துப்போய், எதிர்ப்பை நடத்தும் டி செல்களிடம் காட்டுகின்றன. டி செல்களில் பல வகை உண்டு. இங்கே கிளம்புவது டி.எச்.-2 என்ற உதவி டி செல் வகை. புழுக்களுக்கு எதிராக நம் முன்னோர் உடல்களில் காலங்காலமாக வேலை செய்த அதே வகைதான். அவை மூன்று பொருள்களைச் சுரக்கின்றன: இன்டர்லூக்கின்-4, இன்டர்லூக்கின்-5, இன்டர்லூக்கின்-13. இன்டர்லூக்கின்-5 எலும்பு மஜ்ஜைக்குப் போய் ஈஸ்னோபில்களைப் பெருக்கி, அவற்றின் ஆயுளையும் நீட்டுகிறது. இன்டர்லூக்கின்-13 உணவுக்குழாயின் செல்களையே மாற்றிவிடுகிறது. டெஸ்மோக்ளீனைக் குறைப்பது அதுதான். ஈயோடாக்சின்-3 என்ற பொருளை அந்தச் செல்களே சுரக்கும்படி செய்வதும் அதுதான். 2006ல் சின்சினாட்டியில் மார்க் ரோதன்பெர்க் குழுவினர் நோயாளிகளின் திசுவில் எல்லா மரபணுக்களையும் அளந்து பார்த்தபோது, மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாக முடுக்கப்பட்டிருந்தது இந்த ஈயோடாக்சின்-3க்கான மரபணு. ரத்தத்தில் போகும் ஈஸ்னோபில்கள் இதன் தடம் பிடித்து உணவுக்குழாய்ச் சுவருக்குள் இறங்குகின்றன.

ரத்தத்தில் கூட்டம் இல்லாவிட்டாலும் நெஞ்சுக்குழாயில் கூட்டம் சேர்வது இப்படித்தான், அம்மா. சுவரே அவற்றை வரவழைக்கிறது. இந்த நோய் உள்ள பலருக்கு ரத்தத்தில் ஈஸ்னோபில் எண்ணிக்கை இயல்பாக இருக்கும். ஆகவே "கவுண்ட் நார்மல், ஒண்ணுமில்ல" என்று நீங்களாக முடிவுக்கு வந்துவிட முடியாது.

வந்து இறங்கிய ஈஸ்னோபில்கள் தம் துகள்களைக் கொட்டுகின்றன. புழுவின் தோலைத் துளைக்கக்கூடிய அந்தப் புரதங்கள் இங்கே சொந்தத் திசுவைப் புண்ணாக்குகின்றன. ஒவ்வாமையில் பங்கு கொள்ளும் மாஸ்ட் செல்களும் கூடவே பெருகி, தசையை இறுக்குகின்றன. டி.ஜி.எஃப்.-பீட்டா என்ற பொருள் சுரந்து, சுவரின் அடியில் நார்த் திசு படிகிறது. முதலில் வீங்கிச் சிவந்த குழாய், வருடக் கணக்கில் கவனிக்காமல் விட்டால் தடித்து, விறைத்து, குறுகிவிடுகிறது. எண்டோஸ்கோபியில் வளையம் வளையமாகவும் நெடுக்குக் கோடுகளாகவும் தெரிவது இதன் அடையாளம். சுவிட்சர்லாந்தில் 200 நோயாளிகளை வைத்து 2013ல் வெளியான கணக்கு ஒன்று இருக்கிறது. தொல்லை தொடங்கி இரண்டு ஆண்டுக்குள் நோய் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 17 பேருக்குத்தான் குழாய் குறுகியிருந்தது. இருபது ஆண்டுக்கு மேல் தள்ளிப்போனவர்களில் நூற்றுக்கு 70 பேர். நான் இவ்வளவு நீளமாக எழுதுவதற்குக் காரணம் இந்த ஒரு கணக்குதான்.

இதில் உண்மையான விசையாக இருப்பது யார் என்பதில் நெடுங்காலம் குழப்பம் இருந்தது. நோயின் பெயரிலேயே ஈஸ்னோபில் இருப்பதால், அதை ஒழித்துவிட்டால் போதும் என்று எல்லோரும் எண்ணினார்கள். பென்ராலிசுமாப் என்ற ஊசி மருந்து ஈஸ்னோபில்களை ஏறக்குறைய துடைத்தே எடுத்துவிடும். அதை 211 பேரிடம் சோதித்து 2024ல் முடிவை வெளியிட்டார்கள். மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 87 பேருக்குத் திசுவில் ஈஸ்னோபில் அடங்கிவிட்டது. ஆனால் விழுங்கும் சிரமமோ, வெற்று ஊசி போட்டவர்களுக்கு இருந்த அளவிலேயே இருந்தது. ஈஸ்னோபில் போனாலும் டி செல்கள் சுரக்கும் இன்டர்லூக்கின்-13 போகவில்லை என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கமாக எனக்குப் படுகிறது. மாறாக, இன்டர்லூக்கின்-4, 13 இரண்டும் வந்து ஒட்டும் ஏற்பியை அடைக்கும் டுபிலுமாப் என்ற மருந்து விழுங்கும் சிரமத்தையும் குறைத்தது. 2022 மே மாதத்தில் அமெரிக்காவில் இந்த நோய்க்கு முதன்முதலாக அனுமதி பெற்ற மருந்து அது.

2021ல் பாஸ்டன் ஆய்வாளர்கள் இன்னும் ஓர் அடி உள்ளே போனார்கள். நோயாளிகளின் உணவுக்குழாயிலிருந்து ஒவ்வொரு டி செல்லாகப் பிரித்து அதன் அடையாளத்தைப் படித்தபோது, ஒரே மூலத்திலிருந்து பெருகிய டி.எச்.-2 செல்கள் கூட்டங்கூட்டமாக இருந்தன. அதே அடையாளம் கொண்ட செல்கள் ரத்தத்திலும் கிடைத்தன. பால் புரதத்துக்குக் கிளர்ந்தெழும் செல்களும் அவற்றைப் போன்ற மேற்குறியைத் தாங்கியிருந்தன. பாலை நினைவில் வைத்திருக்கும் டி செல்கள் உடம்பில் உலாவிக்கொண்டே இருக்கின்றன என்பது இதன் பொருள். பாலை இரண்டு மாதம் நிறுத்தி நலமானவர், "சரியாயிருச்சு" என்று மறுபடி குடித்தால் தொல்லை திரும்புவதும் இதனால்தான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வேர்க்கடலை தின்றதும் உதடு வீங்கி மூச்சடைக்கிறதே, அந்த உடனடி ஒவ்வாமை ஐ.ஜி.இ. என்ற எதிர்ப்பொருளால் வருவது. இ.ஓ.இ.யில் முதல் வேலை டி செல்களுடையது. நாள் கணக்கில், வாரக் கணக்கில் மெதுவாக நடப்பது. ஐ.ஜி.இ.யை அடக்கும் மருந்து இதில் பலிக்கவில்லை. அதனால் கையில் ஊசியால் குத்திப் பார்க்கும் சோதனையும், நூறு உணவுகளின் பட்டியலோடு ஆயிரக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு தரும் ரத்தப் பரிசோதனைகளும் எந்த உணவால் இந்த நோய் வந்தது என்று சொல்வதில்லை. அந்தப் பட்டியலை நம்பி முருங்கைக்காயையும் கத்திரிக்காயையும் நிறுத்தி, பாலைத் தொடர்ந்தவர்களின் கடிதங்கள் என்னிடம் உண்டு. தயவுசெய்து அந்தப் பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். இந்த நோய் உள்ளவர்கள் தமக்கு நோய் இருப்பதாகச் சொல்லவே மாட்டார்கள். சிறு வயதிலிருந்தே அதற்கேற்ப வாழப் பழகிவிடுவார்கள். கல்யாணப் பந்தியில் பாருங்கள். எல்லோரும் ரசத்துக்கு வந்துவிட்டார்கள். ஒருவர் மட்டும் இன்னும் சாம்பாரில் இருக்கிறார். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குத் தண்ணீர். சோற்றைக் கூழாகப் பிசைகிறார். பொரியலைத் தொடவில்லை. கறி என்றால் எலும்பைச் சூப்பிவிட்டு, சதையை ஓரமாக ஒதுக்குகிறார். பக்கத்தில் இருப்பவர்கள் இலையை மடித்துவிட்டு, அவர் எழும்வரை எழ முடியாமல் கையைக் காயவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். "ஏங்கண்ணு, இன்னுமா?" என்று பந்தி விசாரிக்கும் பெரியப்பா கேட்கிறார். அடுத்த கல்யாணத்துக்கு அந்தப் பையன் "நீங்க போயிட்டு வாங்க" என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறான். பரோட்டா, பன், காய்ந்த சப்பாத்தி, கோழி நெஞ்சுக்கறி ஆகியவை இறங்காது. மாத்திரையை முழுதாக விழுங்க மாட்டார், உடைத்துக் கேட்பார். 2020ல் இகுவோ ஹிரானோ, கிளென் ஃபுருட்டா என்ற இரு மருத்துவர்கள் இந்தப் பழக்கங்களையே கேள்விகளாகத் தொகுத்து, நோயாளியிடம் "விழுங்க முடிகிறதா" என்று கேட்பதற்குப் பதில் இவற்றைக் கேளுங்கள் என்று மற்ற மருத்துவர்களுக்கு எழுதினார்கள். ஆண்களுக்கு இது பெண்களைவிட மூன்று மடங்கு வருகிறது. இளவயதில்தான் அதிகம். ஆஸ்துமா, மூக்கு ஒவ்வாமை, தோல் அரிப்பு இவற்றில் ஏதாவது ஒன்று பெரும்பாலும் கூட இருக்கும். பஞ்சு தூசியிலும் பார்த்தீனியம் பூக்கும் காலத்திலும் தும்மித் தவிக்கும் பிள்ளை, சாப்பாட்டிலும் தவிக்கிறான் என்றால் இரண்டையும் சேர்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள். சின்னக் குழந்தைகளோ அடைக்கிறது என்று சொல்லத் தெரியாமல், வாந்தி எடுப்பார்கள், சாப்பிட மறுப்பார்கள், எடை ஏறாது.

சாப்பிடும்போது புரை ஏறினால் தலையில் தட்டி, "யாரோ நினைக்கிறாங்க" என்போம். அது மூச்சுக்குழாயின் பக்கம் உணவு போவதால் வருவது, இருமினால் சரியாகும். நான் சொல்வது வேறு. இருமல் இருக்காது. மார்பெலும்பின் நடுவே ஏதோ நின்றுவிட்டது போலக் கையை வைத்துக் காட்டுவார்கள். எச்சில்கூட இறங்காமல் வாயில் ஊறி ஒழுகும். அப்படி ஆனால் அது அவசரம். மீன் முள்ளுக்குச் செய்வதுபோல அம்மிச்சி சொல்லும் சாத உருண்டையும் வாழைப்பழமும் வேண்டாம். மேலே மேலே அடைத்தால் குழாய் கிழியும் ஆபத்து உண்டு. நேரே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். எண்டோஸ்கோபி வழியாக எடுத்துவிடுவார்கள். எடுத்ததோடு வீட்டுக்கு வந்துவிடாமல், "ஏன் அடைத்தது? துணுக்கு எடுத்துப் பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

துணுக்கு என்றதும் பலர் புற்றுநோய் என்று பயப்படுகிறார்கள். கோவைக்காரர்களுக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோய் பழகிய செய்தி. நம் ஜெம் மருத்துவமனையில் டாக்டர் சி. பழனிவேலு, நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்து நுண்துளை வழியாக அந்த அறுவை சிகிச்சையைச் செய்யும் முறையில் 130 பேரின் அனுபவத்தை 2006ல் வெளியிட்டு, உலகம் இந்த ஊரைத் திரும்பிப் பார்க்கச் செய்தார். இ.ஓ.இ. புற்றுநோயாக மாறுவதாகச் சான்று எதுவும் இல்லை. ஆனால் ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக விழுங்கச் சிரமம் வந்தால், அது எதுவென்று பார்க்க எண்டோஸ்கோபியைத் தள்ளிப்போடவே கூடாது. இளைஞர்களுக்குக் குழாய் பார்வைக்கு நன்றாகவே இருந்தாலும், மேலும் கீழுமாக வெவ்வேறு இடங்களில் ஆறு துணுக்காவது எடுக்க வேண்டும். ஈஸ்னோபில்கள் திட்டுத் திட்டாக இருப்பதால் ஒரே இடத்தில் எடுத்தால் தப்பிவிடும். தில்லி எய்ம்ஸில் நெஞ்சு எரிச்சலோடு வந்தவர்களைப் பரிசோதித்து 2017ல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு மூன்று பேர் அளவில் இந்த நோய் இருந்தது. நெஞ்சு எரிச்சலுக்கு வருடக்கணக்கில் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்!

சிகிச்சைக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையிலேயே பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு அடங்கிவிடும். அடுத்தது, ஆஸ்துமாவுக்கு இழுக்கும் புடசொனைடு வகை ஸ்டீராய்டை இங்கே விழுங்கும்படி கொடுப்பது. விழுங்கிய பிறகு அரை மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. மருந்து சுவரில் படிந்திருக்க வேண்டும். குறுகிய குழாயை மெதுவாக விரித்தும் விடுவார்கள். மூன்றாவது உணவு. அந்தியூர்த் தாயின் இரண்டாவது கேள்வி இதைப் பற்றியது.

2006ல் சிகாகோவில் அமீர் காகல்வாலா என்ற குழந்தை மருத்துவர் ஆறு வகை உணவுகளை நிறுத்திப் பார்த்தார்: பால், கோதுமை, முட்டை, சோயா, கொட்டைப் பருப்புகளும் வேர்க்கடலையும், மீனும் இறால் நண்டும். 35 குழந்தைகளில் 26 பேருக்குப் பலன் கிடைத்தது. பெரியவர்களிடமும் இது பலிக்கிறது என்று 2012ல் நிர்மலா கன்சால்வஸ் காட்டினார். ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்துப் பார்த்ததில் கோதுமையும் பாலுமே அதிகம் மாட்டின. 2023ல் 129 பெரியவர்களிடம் ஆறையும் நிறுத்துவதையும் பாலை மட்டும் நிறுத்துவதையும் ஒப்பிட்டார்கள். ஆறை நிறுத்தியவர்களில் நூற்றுக்கு 40 பேருக்கும், பாலை மட்டும் நிறுத்தியவர்களில் 34 பேருக்கும் நோய் அடங்கியது. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே உங்கள் மருத்துவர் பாலோடு தொடங்கச் சொன்னது நியாயமான யோசனை, அம்மா.

எருமைப் பாலுக்குப் பதில் ஆட்டுப் பால் தரலாமா, காங்கேயம் மாட்டுப் பால் ஒத்துக்கொள்ளுமா என்று கேட்பீர்கள். இந்த நோய்க்கு அவை மாற்று இல்லை. எல்லாப் பாலிலும் உள்ள புரதங்கள் ஒன்றுக்கொன்று நெருங்கியவை. டி செல்கள் ஏமாறுவதில்லை. நிறுத்துவது என்றால் தயிர், மோர், நெய், பால்கோவா, டீக்கடை டீ, பேக்கரி கேக் எல்லாமும்தான். கோதுமை என்றால் சப்பாத்தியோடு ரவை, சேமியா, மைதா, பிஸ்கட் எல்லாம் சேரும். எல்லோரும் கோட்டை விடும் ஒரு இடம் பெருங்காயம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு அல்லது மைதா கலந்திருக்கும். டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். அரிசி மாவு கலந்ததும் கிடைக்கிறது.

ஆனால் நம் கொங்குச் சமையல் இதற்கு எவ்வளவு தோதானது என்பதை நினைத்தால் மனம் குளிர்கிறது. சந்தகையும் தேங்காய்ப்பாலும், அரிசிம்பருப்புச் சாதம், கம்பஞ்சோறு, ராகிக் களி, கொள்ளு ரசம், தேங்காய் அரைத்த குழம்பு, கருப்பட்டி போட்ட பணியாரம் என்று எதிலும் பால் இல்லை, கோதுமை இல்லை, முட்டை இல்லை. அரிசிம்பருப்புக்கு மேலே விடும் நெய்யை மட்டும் மறந்துவிட வேண்டும். கடலெண்ணெயோ தேங்காயெண்ணெயோ விடலாம். சுண்ணாம்புச் சத்துக்கு ராகி இருக்கிறது. 100 கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. வளரும் குழந்தைகளுக்கு மட்டும் உணவு ஆலோசகரின் துணை இல்லாமல் எதையும் நிறுத்தாதீர்கள். பலன் இருக்கிறதா என்று தெரிய, எட்டு முதல் பன்னிரண்டு வாரம் கழித்து மறுபடி எண்டோஸ்கோபி செய்து துணுக்கு எடுத்துத்தான் பார்க்க வேண்டும். தொல்லை குறைந்ததை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. திசுவில் நோய் இருந்துகொண்டே தொல்லை குறைந்ததுபோல இருப்பதுண்டு.

ஒரு வேண்டுகோளோடு நிறுத்திக்கொள்கிறேன். பாலும் கோதுமையும் முட்டையும் இல்லாமல் உங்கள் வீட்டில் வழிவழியாகச் செய்யும் பலகாரம், குழம்பு, காலை உணவு எதுவாக இருந்தாலும் எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். கோபி, தாராபுரம், பொள்ளாச்சி, நாமக்கல், ராசிபுரம் என்று எந்த ஊர்ப் பக்குவம் என்பதையும் குறிப்பிடுங்கள். மென்மையாக, ஈரப்பதத்தோடு, சுலபமாக இறங்கும் பண்டமாக இருந்தால் இன்னும் நல்லது. படியில் அளந்தாலும் டம்ளரில் அளந்தாலும் அளவைத் தெளிவாக எழுதுங்கள். பெருங்காயம் போடுவதாக இருந்தால் எந்த மாவு கலந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்த இதழின் சமையல் பக்கங்கள் முழுவதையும் அதற்காக ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்